சிங்க இறாலும் சில இடப்பெயர்வுகளும்

மே மாதம் பிறந்ததும் மொன்றியல் ஜான்-டலோன் சந்தையின் மீன்கடைகளில் கையால் எழுதிய பலகைகள் தொங்கத் தொடங்கும். தீவுகளின் 'ஓமார்' வந்துவிட்டது என்பது அவற்றின் செய்தி. எந்தத் தீவுகள் என்று கியூபெக்காரர் யாரும் கேட்பதில்லை. சென் லோறன்ஸ் வளைகுடாவின் நடுவே கிடக்கும் மக்டலேன் தீவுகள்தான் அவை. ஓமார் என்பது நாங்கள் சிங்க இறால் என்று சொல்லும் பிராணி. பார்க் எக்ஸ்ரென்சனில் குடியிருக்கும் எம்மவருக்கு இந்தச் சந்தை தூரமில்லை. பார்க் நிலையத்தில் மெற்றோ ஏறினால் இரண்டாவது நிறுத்தம். கத்தரிக்காய்க்கும் வெண்டிக்காய்க்கும் பச்சை மிளகாய்க்கும் அங்கே போகிறவர்கள் அந்தப் பலகையைக் கண்டும் காணாமல் கடந்துபோவார்கள். அது வெள்ளைக்காரரின் சாப்பாடு, பணக்காரரின் சாப்பாடு என்ற எண்ணம் எங்களிடம் ஊறிப்போயிருக்கிறது.

அந்த எண்ணத்துக்கு வயது அதிகமில்லை. இந்தப் பிராணி பணக்காரரின் மேசைக்கு ஏறிச் சுமார் நூற்றைம்பது வருடங்கள்தான் ஆகின்றன. அதற்கு முன் அது ஏழைகளின் சாப்பாடு, அதற்கும் முன் இந்த மண்ணின் பூர்வகுடிகளின் சாப்பாடு. இப்போதும் அதைப் பிடிப்பவர்கள் பலர் துரத்தப்பட்ட மக்களின் வழிவந்தவர்கள். இந்தக் கதையைத் தெரிந்துகொண்டு அதை வீட்டுச் சட்டியில் போடுவது நல்லது என்பது என் எண்ணம்.

முதலில் சந்தையைப் பற்றிச் சொல்லவேண்டும். இது 1933இல், உலகப் பொருளாதாரம் படுத்துக்கிடந்த காலத்தில், 'வடக்குச் சந்தை' என்ற பெயரில் திறக்கப்பட்டது. அதற்கு முன் அந்த நிலம் ஷம்றொக் என்ற ஐரிஷ் கழகத்தின் லக்றோஸ் விளையாட்டு மைதானமாக இருந்தது. சந்தைக்குப் போகும் தெருவுக்கு இன்றைக்கும் ஷம்றொக் என்றுதான் பெயர். லக்றோஸ் பூர்வகுடிகளிடமிருந்து வெள்ளையர் கற்றுக்கொண்ட விளையாட்டு. பூர்வகுடிகளின் விளையாட்டை ஐரிஷ் குடியேறிகள் ஆடிய நிலத்தில் இத்தாலியக் குடியேறிகள் தக்காளி விற்றார்கள். அவர்களுக்குப் பின் வட ஆபிரிக்கர், வியட்நாமியர், இலத்தீன் அமெரிக்கர், நாங்கள் என்று ஒவ்வொருவராக வந்து சேர்ந்தோம். 1980களின் தொடக்கத்தில்தான் சந்தைக்கு ஜான் டலோனின் பெயர் வைக்கப்பட்டது. பிரெஞ்சு அரசன் 14ஆம் லூயி அனுப்பிய நிர்வாகி அவர். 1665க்கும் 1672க்கும் இடையில் இரு தடவை பதவியில் இருந்தவர். இந்நாட்டின் முதலாவது குடிசன மதிப்பீட்டை நடத்தியவரும் அவரே. 1666இல் அவர் எண்ணிய தொகை 3,215 பேர். பூர்வகுடிகளை அவர் எண்ணவில்லை.

இனிப் பிராணிக்கு வருவோம். எங்கள் ஊர்ச் சிங்க இறாலும் இங்குள்ள ஓமாரும் ஒன்றல்ல. யாழ்ப்பாணக் கடலிலும் கன்னியாகுமரிக் கடலிலும் பாறைக்கும் முருகைக்கல்லுக்கும் இடையில் வாழும் சிங்க இறாலுக்குப் பெரிய கொடுக்குக் கிடையாது. அதற்கு இருப்பது நீண்ட தடித்த மீசையும் உடம்பெல்லாம் முள்ளும்தான். பிரெஞ்சுக்காரர் அதை 'லாங்கூஸ்த்' என்று வேறாகப் பிரித்துச் சொல்வார்கள். அற்லாண்டிக் கடலின் ஓமாருக்கு இரண்டு பெரிய கொடுக்குகள் உண்டு. இரண்டும் ஒரே மாதிரி இருப்பதில்லை. தடித்தது நொறுக்குவதற்கு, மெலிந்தது கிழிப்பதற்கு. எங்கள் இறாலின் இறைச்சி முழுக்க வாலில். இங்கே வாலிலும் கொடுக்கிலும் இருக்கிறது, கொடுக்கு இறைச்சிதான் மிருதுவானது. விஞ்ஞானிகள் இரண்டையும் வெவ்வேறு குடும்பங்களில் வைத்திருக்கிறார்கள். தமிழர் இரண்டையும் ஒரே பெயரால் அழைப்பதில் தவறில்லை. சங்கப் பாடல்களின் நெய்தல் நிலத்தில் இறவு என்று வருவதும், எங்கள் பேச்சில் றால் என்று குறுகியதும் ஒரே சொல்தான். புதிதாகக் கண்ட பிராணிக்குப் பழைய பெயரைக் கொடுப்பது புலம்பெயர்ந்தவர் எல்லோரும் செய்கிற வேலை.

வட அமெரிக்காவின் கரையில் முதலில் வந்திறங்கிய ஆங்கிலேயர் ஓமாரை மதித்தவர்கள் அல்ல. 1623இல் பிளிமத் குடியேற்றத்துக்குப் புதிய ஆட்கள் கப்பலில் வந்தபோது, அவர்களுக்குக் கொடுக்கத் தங்களிடம் இருந்த மிகச் சிறந்த உணவு ஓமாரோ ஒரு துண்டு மீனோதான், பாண்கூட இல்லை, குடிக்க ஊற்றுத் தண்ணீர்தான் என்று ஆளுனர் வில்லியம் பிராட்போர்ட் வெட்கத்தோடு எழுதிவைத்தார். இன்றைக்கு றெஸ்ரோறன்றில் ஓமாரைக் கொண்டுபோய் வைக்கும்போது யாரும் வெட்கப்படுவதில்லை. 1634இல் வில்லியம் வூட் என்பவர் நியூ இங்கிலாந்தைப் பற்றி எழுதிய நூலிலும் இதே தொனிதான். அளவுக்கு மிஞ்சிக் கிடைப்பதால் யாரும் அதைப் பெரிதாக எண்ணுவதில்லை என்கிறார். பின்னாட்களில் கனடாவின் கரையோர மாகாணங்களில் அதை வயலுக்குப் பசளையாகப் போட்டார்கள். பள்ளிக்கூடத்துக்குப் பாணுக்குள் ஓமார் வைத்துக் கொண்டுபோன பிள்ளைகள் அதை மறைத்துத் தின்றார்கள் என்று அந்தப் பக்கத்து முதியவர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள். பன்றி இறைச்சி கொண்டுவந்தவன் வசதியானவன், ஓமார் கொண்டுவந்தவன் ஏழை.

இங்கே ஒரு கட்டுக்கதையைப் பிரித்துவைக்க வேண்டியிருக்கிறது. 'வாரத்தில் சில நாட்களுக்கு மேல் எங்களுக்கு ஓமார் தரக்கூடாது' என்று அந்தக் கால வேலையாட்கள் ஒப்பந்தத்தில் எழுதுவித்தார்கள் என்று ஒரு கதை உண்டு. நான் வேலைசெய்யும் குசினியிலும் ஒவ்வொரு மே மாதமும் யாராவது ஒருவர் இதைச் சொல்லுவார். தேடிப்பார்த்த ஆய்வாளர்களுக்கு அப்படியான ஒப்பந்தம் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. இதே கதை இங்கிலாந்திலும் ஸ்கொட்லாந்திலும் சமன் மீனைப் பற்றியும் சொல்லப்படுகிறது. ஒரே கதை இரண்டு மீனுக்கும் இரண்டு கண்டத்துக்கும் பொருந்துகிறதென்றால் அது நடந்ததைச் சொல்லவில்லை, சொல்பவரின் மனதைச் சொல்கிறது. இன்று விலை உயர்ந்திருப்பதை அன்று வேலைக்காரன் வேண்டாம் என்றான் என்று கேட்பதில் மேசையில் இருப்பவருக்கு ஒரு சுகம் இருக்கிறது. அந்த வேலைக்காரன் எவ்வளவு பசியோடு இருந்தான் என்பது கதையில் வராது.

விலை எப்படி ஏறியது? ஓமாரின் குணம் மாறவில்லை. மாறியது வழியும் வாகனமும். செத்த ஓமார் சில மணித்தியாலத்தில் பழுதாகிவிடும். ஆகவே கரையில் இருப்பவனுக்கு மட்டும்தான் அது உணவாக இருந்தது. 1840களில் அமெரிக்காவின் மெயின் கரையில் அதைத் தகரத்தில் அடைக்கத் தொடங்கினார்கள். ரின்மீனைப் போல ரின் ஓமார். அந்த நூற்றாண்டின் முடிவுக்குள் கனடாவின் அற்லாண்டிக் கரையெங்கும் நூற்றுக்கணக்கான சிறு தொழிற்சாலைகள் எழுந்தன. மக்டலேன் தீவுகளிலும் எழுந்தன. உடைத்துக் கழுவி அடைக்கிற வேலையைச் செய்தவர்களில் பெரும்பகுதியினர் பெண்களும் சிறுமிகளும். இன்னொரு பக்கத்தில், கிணறுபோலத் தண்ணீர் தேக்கிய படகுகளிலும் பின்னர் ஐஸ் போட்ட ரயில் பெட்டிகளிலும் உயிரோடு பொஸ்ரனுக்கும் நியூயோர்க்குக்கும் கொண்டுபோனார்கள். கோடை விடுமுறைக்குக் கரைக்கு வந்த பட்டணத்துப் பணக்காரர் அதைச் சுவைத்துவிட்டு ஊருக்குத் திரும்பி ஹோட்டல்களில் கேட்டார்கள். கரையில் இருந்தவனின் தட்டிலிருந்து அது எழும்பிப் போனது அப்படித்தான்.

எங்கள் பக்கத்திலும் இதுவே நடந்தது. கன்னியாகுமரிக் கரையில், ஏற்றுமதிக் கம்பனிகள் வரும்வரை, சிங்க இறாலுக்குப் பெரிய மதிப்பு இருக்கவில்லை. வாலை மட்டும் வெட்டிக் குளிரூட்டி அமெரிக்காவுக்கு அனுப்பத் தொடங்கிய பிறகு பிடித்தவன் வீட்டில் அது வேகவில்லை. இலங்கையிலும் அது கொழும்பு ஹோட்டலுக்கும் வெளிநாட்டுக்கும் போகிற பண்டமாக மாறியது. யாழ்ப்பாணத்தில் சமையல் என்று பெருமை பேசும்போது நண்டும் கணவாயும் சின்ன றாலும் வருகின்றன. சிங்க இறால் வருவதில்லை. அது கடலில் இல்லாததால் அல்ல.

மீனவனுக்கும் மீனுக்கும் இடையில் வியாபாரி நிற்பது எங்களுக்குப் புதிதல்ல. முற்பணம் கொடுத்தவருக்கே மீன், விலையைச் சொல்வதும் அவரே. கியூபெக்கின் கஸ்பே கரையில் இந்த முறை இன்னும் இறுக்கமாக இருந்தது. ஜேர்சித் தீவுக்காரரான சாள்ஸ் றொபின் 1760களில் அங்கே வந்து பஸ்பெபியாக்கில் கம்பனி அமைத்தார். மீனவனுக்குக் காசு கிடையாது. கம்பனியின் கடையில் மாவும் உப்பும் துணியும் கணக்கில் எடுக்கலாம், கோடை முடிவில் காயவைத்த கொட் மீனால் கணக்கைக் கழிக்கலாம். கணக்குக் கழிந்து முடிவதேயில்லை. தகப்பனின் கடன் மகனுக்கு வந்தது. 1909 செப்ரெம்பரில் றிவியேர்-ஓ-றெனார் மீனவர்கள் கொட் மீனுக்கு நியாய விலை கேட்டுக் கிளம்பினார்கள். அரசு படையை அனுப்பியது. பலர் கைதானார்கள். சந்தையில் நாங்கள் பார்க்கும் விலைப்பலகைக்குப் பின்னால் இப்படியும் ஒரு சரித்திரம் இருக்கிறது. இன்று மக்டலேன் தீவுகளின் மீனவர்களுக்குத் தங்கள் சங்கம் இருக்கிறது, படகும் அனுமதிப்பத்திரமும் அவர்களுடையவை. இவை தாமாக வந்தவை அல்ல.

அந்தத் தீவு மக்கள் யார்? பெரும்பாலானோர் அகாடியர். பிரெஞ்சு மொழி பேசும் இவர்களது முன்னோர் இன்றைய நோவா ஸ்கோஷியாப் பகுதியில் வாழ்ந்தவர்கள். பிரித்தானிய அரசனுக்கு நிபந்தனையற்ற விசுவாசப் பிரமாணம் செய்ய மறுத்தார்கள் என்பதற்காக 1755இல் அவர்களைக் கப்பல்களில் ஏற்றிச் சிதறடித்தார்கள். வீடுகள் எரிக்கப்பட்டன. குடும்பங்கள் வேறுவேறு கப்பல்களில் பிரிந்தன. 1763 வரை தொடர்ந்த இந்த வெளியேற்றத்தில் ஏறத்தாழப் 10,000 பேர் துரத்தப்பட்டதாகக் கணிக்கிறார்கள். பிரான்ஸ், லூசியானா, மிக்கெலோன் தீவு என்று எங்கெங்கோ அலைந்தார்கள். பிரெஞ்சுப் புரட்சிக்காலத்தில், 1793இல், மிக்கெலோனில் இருந்த ஒரு தொகுதியினர் தங்கள் பாதிரியாரோடு படகேறி மக்டலேன் தீவுகளுக்கு வந்து குடியேறினார்கள்.

வந்தபின்னும் நிம்மதி கிடைக்கவில்லை. 1798இல் பிரித்தானிய முடி அந்தத் தீவுகளை ஐசக் கொபின் என்ற கடற்படை அதிகாரிக்குக் கொடுத்துவிட்டது. அகதிகளாக வந்து கல்லைப் புரட்டி வீடு கட்டியவர்கள் ஒரே நாளில் வாடகைக் குடிகளானார்கள். 1895இல் கியூபெக் சட்டம் இயற்றும்வரை அவர்களால் தங்கள் காணியை வாங்கமுடியவில்லை. நூறு வருட வாடகை. பொறுக்கமுடியாமல் சில குடும்பங்கள் மீண்டும் படகேறி வளைகுடாவின் வடகரைக்குப் போயின. 1857இல் அவ்சென் பியேர் என்ற ஊரை உருவாக்கியவர்கள் அவர்களே. அகதியாகப் போன இடத்திலிருந்து மறுபடி அகதியாவது என்றால் என்ன என்பதை எம்மவருக்கு விளக்கவேண்டியதில்லை.

ஆனால் இந்தக் கதையை இங்கே நிறுத்தினால் அது பாதிக் கதை. அகாடியருக்கு முன்னரும் இந்தக் கடல் வெறுமையாக இருக்கவில்லை. மிக்மாக் மக்கள் ஆயிரக்கணக்கான வருடங்களாக இங்கே மீனும் விலாங்கும் ஓமாரும் பிடித்து வந்தார்கள். 1760, 1761ஆம் ஆண்டுகளில் பிரித்தானியரோடு அவர்கள் சமாதான உடன்படிக்கைகள் செய்துகொண்டார்கள். வேட்டையாடி, மீன்பிடித்து, விற்று வாழும் உரிமை அவற்றில் இருந்தது. பின்னர் வந்த அரசுகள் அதை மறந்துவிட்டன. 1993 ஓகஸ்றில் டொனால்ட் மார்ஷல் என்ற மிக்மாக் மனிதர் நோவா ஸ்கோஷியாவில் 463 இறாத்தல் விலாங்கு பிடித்து 787 டொலர் 10 சதத்துக்கு விற்றார். அனுமதிப்பத்திரம் இல்லை, பருவம் தப்பியது என்று வழக்குப் போட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. 1999 செப்ரெம்பர் 17இல், பழைய உடன்படிக்கை இன்றும் செல்லும், மிதமான வாழ்க்கைக்குத் தேவையான அளவு பிடித்து விற்க மிக்மாக் மக்களுக்கு உரிமை உண்டு என்று தீர்ப்பு வந்தது. இந்த மார்ஷல், செய்யாத கொலைக்காக முன்பு பதினொரு வருடம் சிறையில் இருந்து, நிரபராதி என்று விடுவிக்கப்பட்டவர்.

தீர்ப்பு வந்தது, சமாதானம் வரவில்லை. நியூ பிறன்ஸ்விக்கில் மிக்மாக் மக்கள் ஓமார்க் கூடுகளைக் கடலில் இறக்கியபோது, மற்ற மீனவர்கள் அவற்றை அறுத்தெறிந்தார்கள். 2000ஆம் ஆண்டுக் கோடையில் அரசின் மீன்பிடி அதிகாரிகளுடைய படகுகள் மிக்மாக் படகுகளை இடித்த காட்சியைத் தொலைக்காட்சி காட்டியது. பூர்வகுடித் திரைப்பட இயக்குனர் அலனிஸ் ஒபொம்சவின் 2002இல் அதைப் பற்றி ஒரு விவரணப்படம் எடுத்தார். 2020 செப்ரெம்பரில் நோவா ஸ்கோஷியாவில் சிபெக்னகாட்டிக் மிக்மாக் மக்கள் தங்கள் சொந்த ஓமார் மீன்பிடியை ஆரம்பித்தபோது எதிர்ப்பு இன்னும் மோசமாகியது. ஒக்ரோபரில், மிட்டில் வெஸ்ற் பப்னிக்கோ என்ற இடத்தில் மிக்மாக் மீனவர்களின் ஓமார் சேமித்துவைக்கப்பட்டிருந்த கட்டிடம் தீயிட்டுக் கொளுத்தப்பட்டது.

பப்னிக்கோ பழைய அகாடிய ஊர். 1755இன் பின் துரத்தப்பட்டு, அலைந்து, திரும்பிவந்தவர்களின் ஊர். அந்த எரிப்பை ஓர் ஊரின்மேலோ ஓர் இனத்தின்மேலோ போடுவது நியாயமில்லை. பருவம் தப்பிப் பிடித்தால் ஓமார் அழிந்துவிடும், வங்கிக்கடனில் படகு வாங்கிய தங்கள் பிழைப்புப் போய்விடும் என்று பயந்தவர்களும் அங்கே இருந்தார்கள். ஆனாலும் கூட்டமாய் நின்று மிக்மாக் மீனவரைத் தடுத்தவர்களுக்குள் அகாடியர் வழிவந்தோரும் இருந்தார்கள் என்பதை மறைக்கமுடியாது. முன்னோர் வீடுகள் எரிந்த கதையை ஒவ்வொரு வருடமும் நினைவுகூருகிற மக்கள் அவர்கள்.

இதைப் படிக்கும்போது அகாடியரைக் குறைசொல்லி ஒதுங்கிவிட எங்களால் முடியாது. 1990 யூனில் இராணுவம் வந்து மயிலிட்டி மக்கள் கட்டிய துணியோடு ஓடினார்கள். வடக்கின் பெரிய மீன்பிடித் துறைமுகங்களில் ஒன்று அது. உயர்பாதுகாப்பு வலயமாகி, 2017 யூலையில்தான் திரும்பக் கிடைத்தது. இருபத்தேழு வருடங்கள். இதை நாங்கள் எழுதுகிறோம், பேசுகிறோம், பேசவும்வேண்டும். அதே 1990இன் ஒக்ரோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாணத்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். யாழ்ப்பாண நகரத்தில் அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். அவர்களுள்ளும் கடலை நம்பி வாழ்ந்தவர்கள் இருந்தார்கள். புத்தளத்து முகாம்களில் ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்துவிட்டது. அந்த வருடத்தின் யூன் மாதத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு ஒக்ரோபரை மறப்பவர்கள் எங்களுக்குள் நிறையப்பேர். துரத்தப்பட்டவன் என்பதால் ஒருவன் நீதிமானாகிவிடுவதில்லை. பப்னிக்கோவும் யாழ்ப்பாணமும் சொல்வது அதைத்தான்.

இன்னொரு கடற்கதையும் இதோடு சேரும். 1986 ஓகஸ்ற் 11இல் நியூபவுண்லாந்தின் சென் ஷொட்ஸ் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர்கள் மிதந்துகொண்டிருந்தார்கள். ஜேர்மனியிலிருந்து கப்பலில் ஏற்றிவந்தவன் அவர்களை நடுக்கடலில் இறக்கிவிட்டுப் போய்விட்டான். புகாருக்குள் அவர்களைக் கண்டு முதலில் ஏற்றிக்கொண்டவர் கஸ் டால்ற்ரன் என்ற மீனவத் தலைவர். பிறகு மற்ற மீன்படகுகளும் உதவிக்கு வந்தன. அவர்களுள் ஒரு பகுதியினர் மொன்றியலுக்கு வந்தார்கள், கோப்பை கழுவினார்கள். அவர்களைக் காப்பாற்றிய கரையோ ஆறு வருடத்தில் தானே கவிழ்ந்தது. 1992 யூலை 2இல் கொட் மீன்பிடியை அரசு தடைசெய்தது. பெரிய இழுவைக் கப்பல்கள் ஐந்நூறு வருடத்து மீன்வளத்தைச் சில பத்து வருடங்களில் அள்ளி முடித்துவிட்டன. ஏறத்தாழ 30,000 பேர் வேலை இழந்தார்கள். ஊர்விட்டு ஊர் போனார்கள். அந்தத் தடை 2024இல்தான் நீக்கப்பட்டது. இழுவைப் படகு கடலின் அடியை வாரிக்கொண்டுபோனால் என்ன மிஞ்சும் என்பதை இன்று பாக்கு நீரிணையில் எங்கள் மீனவர்கள் தினமும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஓமார் ஏன் மிஞ்சியது? கொட் மீன் அருகியதும் கடல் வெப்பம் மாறியதும் ஒருபுறம். மறுபுறம் மீனவர்கள் ஏற்றுக்கொண்ட கட்டுப்பாடு. முட்டை தாங்கிய பெண் ஓமாரைக் கடலில் திரும்பப் போட்டுவிடவேண்டும். மக்டலேன் தீவுகளில் முதுகோடு 83 மில்லிமீற்றருக்குக் குறைந்தால் அதையும் போட்டுவிடவேண்டும். பருவம் ஏறத்தாழ ஒன்பது வாரம், பிறகு கூடுகள் கரையேறிவிடும். ஓர் ஓமார் இந்த அளவுக்கு வளர ஆறேழு வருடம் செல்லும். முட்டைச் சிங்க இறாலைப் பிடிப்பது இலங்கைச் சட்டத்திலும் குற்றம்தான்.

இந்த ஒன்பது வாரத்துக்குள்தான் ஜான்-டலோனில் எங்கள் வேலை. அன்னையர் தினத்துக்கு விலை உச்சிக்குப் போகும். அது கழிந்து யூன் பிறந்தால் இறங்கும். ஒன்றேகால், ஒன்றரை இறாத்தல் உள்ளதை வாங்குவது நல்லது. தூக்கும்போது வாலை மடக்கி உதறவேண்டும். தொங்கிக்கொண்டிருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வீட்டில் தண்ணீருக்குள் போடக்கூடாது, நல்ல தண்ணீரில் அது செத்துவிடும். ஈரமான பத்திரிகைத் தாளில் சுற்றிக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்தால் ஒரு நாள் இருக்கும். பொலித்தீன் பையை இறுக்கிக் கட்டிவிடாதீர்கள், மூச்சு வேண்டும்.

உயிரோடு கொதிநீரில் போடுவது எங்களில் பலருக்கு மனம் ஒவ்வாது. அது சத்தம் போடுவதில்லை, அதற்குக் குரல்நாண் இல்லை. கேட்பது ஓட்டுக்குள் இருந்து வெளியேறும் ஆவி. ஆனாலும் அதற்கு நோகும் என்ற கருத்து வலுத்து வருகிறது. சுவிற்சர்லாந்து 2018இல் மயக்காமல் கொதிநீரில் போடுவதைத் தடைசெய்தது. பிரித்தானியா 2022இல் நண்டையும் இறாலையும் உணர்வுள்ள உயிர்களின் சட்டத்தில் சேர்த்தது. குசினியில் நாங்கள் செய்வதையே வீட்டிலும் செய்யலாம். இருபது முப்பது நிமிடம் உறைபெட்டியில் வைத்தால் அது அசைவற்றுப்போகும். அதன்பின் பாரமான கத்தியின் நுனியைத் தலையில், கண்களுக்குச் சற்றுப் பின்னால், ஒரே குத்தாக இறக்கி முன்பக்கமாகப் பிளந்துவிட்டால் முடிந்தது.

பெரிய பானையில் தண்ணீர் கொதிக்கவேண்டும். லீற்றருக்கு 35 கிராம் உப்பு, அது கடல்நீரின் உப்பு. தலைகீழாக இறக்கி மூடி, திரும்பக் கொதித்த கணத்திலிருந்து ஒன்றேகால் இறாத்தலுக்குப் பத்து நிமிடம், ஒன்றரைக்குப் பன்னிரண்டு. கரும்பச்சை ஓடு சிவந்துவிடும். அந்தச் சிவப்பு வெளியிலிருந்து வருவதில்லை. ஓட்டுக்குள்ளே புரதம் ஒன்று அதைப் பிடித்து நீலமாக்கி வைத்திருந்தது, சூட்டில் அந்தப் பிடி விடுகிறது. தலைக்குள் இருக்கும் பச்சைக் களி ஈரலைப் போன்றது. ருசியானது, ஆனால் கடலின் நஞ்சும் அங்கேதான் சேரும். பெரியவர்கள் ஒரு நாளைக்கு ஓர் ஓமாரினதுக்கு மேல் உண்ணக்கூடாது, பிள்ளைகளுக்குக் கொடுக்கவே கூடாது என்பது கனடிய சுகாதாரத் திணைக்களத்தின் புத்தி.

கியூபெக்காரர் இதை உருக்கிய பட்டரில் தோய்த்து உண்பார்கள். ஒருமுறையாவது அப்படி உண்டு பாருங்கள், இறைச்சியின் இனிப்பு அப்படித்தான் தெரியும். எங்கள் முறையில் செய்ய விரும்பினால் ஐந்து நிமிடத்தில் எடுத்து ஆறவிட்டு உடைத்து இறைச்சியை வேறாக வையுங்கள். கறிக்குள் நீண்டநேரம் கிடந்தால் அது றப்பராகிவிடும். தலையையும் ஓட்டையும் கால்களையும் எறியாதீர்கள். வெங்காயம், உள்ளி, வெந்தயம், கறிவேப்பிலை தாளித்த சட்டியில் அவற்றைப் போட்டு வதக்கி, யாழ்ப்பாணத்துக் கறித்தூளும் தண்ணீரும் விட்டு அரைமணி நேரம் அவித்து வடித்தால் குழம்பின் சத்து அங்கே இருக்கும். அதில் கொஞ்சம் பழப்புளி, கெட்டித் தேங்காய்ப்பால், நண்டுக்கறிக்குப் போடுவதுபோல ஒரு பிடி முருங்கையிலை. கடைசி மூன்று நிமிடத்துக்கு இறைச்சி. இறக்கித் தேசிக்காய்ப்புளி விடவேண்டும். ஒடியல் மா கையில் இருந்தால் அந்த வடித்த நீரிலேயே கூழ் காய்ச்சலாம். இரண்டு ஓமாரில் எட்டுப் பேருக்குக் கூழ் ஊற்றலாம். இப்படிப் பார்த்தால் அது பணக்காரச் சாப்பாடு அல்ல.

எங்கள் ஊர் மீனைத் தின்றுவிட்டு மீன் கொண்டுவந்தவரை முற்றத்தோடு நிறுத்திய ஊர். குருநகரிலும் பாசையூரிலும் மயிலிட்டியிலும் கடலுக்குப் போனவர்கள் எதைத் தின்றார்கள், எதை விற்றார்கள், எந்த வருடத்திலிருந்து சிங்க இறால் அவர்களுடைய சட்டியை விட்டுப் போனது என்பதை எழுதிவைத்தவர்கள் மிகக் குறைவு. அந்தக் கரைகளில் பிறந்து இன்று மொன்றியலிலும் ரொறன்ரோவிலும் பரிசிலும் முதியவர்களாக இருப்பவர்களிடம் அது இன்னும் இருக்கிறது. யூன் மாதத்தில் அவர்களில் ஒருவரை வீட்டுக்கு அழைத்து ஓமார்க் கூழ் ஊற்றிக் கொடுத்துக் கேட்டால் சொல்லுவார்கள். சொல்வதை எழுதிவைக்கவேண்டும்.